வெளியே வருவதற்கும் ஒரு கணக்கு உண்டு

வீட்டு வாசலுக்கு வந்து பொருள் விற்பது எமது கிராமங்களுக்குப் புதிய விடயமல்ல. சேலை மூட்டையைத் தலையில் சுமந்து வந்தவரிடம் தவணைக்குச் சேலை வாங்கிய தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. 1877இல் இலங்கைக்கு வந்த சிங்கர் தையல் இயந்திரம் ஊர் ஊராகப் பரவியதும் தவணை முறையினால்தான். அந்த வியாபாரிகளில் ஏமாற்றியவர்களும் இருந்தார்கள், நேர்மையாக நடந்தவர்களும் இருந்தார்கள். ஆனால் அவர்களில் எவரும் எமது தாய்மாரிடம், “அக்கா, சேலையை வாங்குவதோடு நில்லாமல் நீங்களும் ஒரு மூட்டையை வாங்கிக் கொள்ளுங்கள், பிறகு ஆறு பேரைப் பிடித்து ஆளுக்கொரு மூட்டையை வாங்க வையுங்கள்” என்று சொன்னதில்லை.

இன்று சொல்கிறார்கள். நேரடி விற்பனை என்றும் நெற்வேர்க் வியாபாரம் என்றும் பல பெயர்களில் இது எமது குடிசைகளுக்குள்ளும் லயன் காம்பிராக்களுக்குள்ளும் நுழைந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இதில் சேரலாமா, கூடாதா என்று பலரும் எழுதிவிட்டார்கள். ஏற்கனவே சேர்ந்துவிட்டு, அலுமாரி நிறையப் போத்தல்களோடும் பெட்டிகளோடும் இரவில் தூக்கமில்லாமல் இருப்பவர்களைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. இதை விடுவதா, விடுவதென்றால் எப்படி விடுவது என்ற கேள்வியோடு இருக்கும் அவர்களுக்காகவே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

முதலில் அவர்களைக் குறை சொல்லாமல் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். 2009இல் போர் முடிந்த பின் வன்னியிலும் கிழக்கிலும் வீட்டுப் பொறுப்பு முழுவதும் பெண்கள் தலையில் விழுந்த குடும்பங்கள் ஏராளம். வேலை வருவதற்கு முன் அவர்களின் வாசலுக்கு வந்தது நுண்கடன். அக்கடன் கழுத்தை நெரித்த நிலையில், வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற சிறு கடன்களை 2018இல் அரசே தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. பின்னர் 2022இன் பொருளாதார நெருக்கடியில் அரிசியும் பால்மாவும் எட்டாத விலைக்குப் போயின. “வீட்டில் இருந்தபடியே உழைக்கலாம், பிள்ளைகளை விட்டுப் போகத் தேவையில்லை, மத்திய கிழக்குக்கும் போக வேண்டாம்” என்று அந்த நேரத்தில் ஒருவர் வந்து சொன்னால் யார்தான் கேட்கமாட்டார்கள்?

அது மட்டுமல்ல. நகரத்து மண்டபத்தில் நடக்கும் கூட்டத்தில் இவர்களை மேடைக்கு அழைத்துப் பெயர் சொல்லிக் கைதட்டுகிறார்கள். பேசப் பழக்குகிறார்கள். நல்ல சேலை உடுத்தி, கைப்பை தூக்கி, ‘மிஸ்’ என்று அழைக்கப்படும் அனுபவம் கிடைக்கிறது. ஒரு பெண்ணுக்கு எமது சங்கங்களும் நிறுவனங்களும் பத்து ஆண்டுகளில் கொடுக்காத மதிப்பை அந்த மண்டபம் ஒரே பின்னேரத்தில் கொடுத்துவிடுகிறது. இதை ஒப்புக்கொள்ளாமல், ‘பேராசையால் போய் விழுந்தார்கள்’ என்று பேசுவது சுலபம். அப்படிப் பேசுகிற ஊரில் எந்தப் பெண்ணும் வாய் திறந்து, ‘நான் மாட்டிக்கொண்டேன்’ என்று சொல்லமாட்டாள்.

சட்டம் போட்டிருக்கும் கோடு

எல்லா நேரடி விற்பனையும் மோசடி அல்ல. அப்படியானால் கோடு எங்கே இருக்கிறது?

இலங்கையில் 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்துக்கு 2005இலும் அதன் பின்னரும் செய்யப்பட்ட திருத்தங்கள் இக்கோட்டைப் போட்டன. அச்சட்டத்தின் 83இ பிரிவு சொல்வதை எளிய தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: ஒருவர் பணமோ பணப்பெறுமதியுள்ள ஒன்றையோ கொடுத்துச் சேர வேண்டும், அவருக்குக் கிடைக்கும் நன்மை பெரும்பாலும் மேலும் ஆட்கள் சேர்வதிலோ, சேர்ந்தவர்கள் போடும் பணம் கூடுவதிலோ தங்கியிருக்கும், அப்படிப்பட்ட திட்டம் தடைசெய்யப்பட்டது. திட்டத்தைத் தொடங்கியவரையும் நடத்துபவரையும் மட்டுமன்றி, அதனை விளம்பரப்படுத்துபவரையும் ஊக்குவிப்பவரையும் சட்டம் பிடிக்கும். தண்டனையாகச் சிறையும் பெருந்தொகைத் தண்டமும் உண்டு. ‘நான் சும்மா பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத்தான் சொன்னேன்’ என்பது எவ்வளவு தூரம் காப்பாற்றும் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

இத்தகைய திட்டங்களில் ஈடுபட்டதாகத் தீர்மானிக்கப்பட்ட நிறுவனங்களின் பெயர்களை இலங்கை மத்திய வங்கி பகிரங்கமாக வெளியிட்டு வருகிறது. 2023 ஜூலையில் இதற்கெனவே ஒரு விழிப்புணர்வு வாரத்தையும் நடத்தியது. ஆனால் ஒரு நிறுவனத்தின் பெயர் அப்பட்டியலில் இல்லை என்பதற்காக அது நல்ல நிறுவனம் என்று ஆகிவிடாது. ‘கம்பனி பதிவு செய்யப்பட்டிருக்கிறது, இதோ பத்திரம்’ என்று காட்டுவதும் அப்படித்தான். ஒரு கம்பனியைப் பதிவது வேறு, அது செய்யும் தொழில் சட்டத்துக்கு உட்பட்டதாக இருப்பது வேறு.

அமெரிக்காவில் இக்கேள்வி 1979இலேயே ஆம்வே நிறுவனத்தின் வழக்கில் எழுந்தது. அங்குள்ள கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு அந்நிறுவனத்தைப் பிரமிட் அல்ல என்று தீர்த்ததற்குக் காரணமாயிருந்தவை மூன்று விதிகள்: வாங்கிய சரக்கில் எழுபது வீதத்தையாவது விற்ற பின்னரே மேலும் வாங்க வேண்டும், மாதத்தில் பத்து வாடிக்கையாளருக்காவது விற்றிருக்க வேண்டும், விலகுபவரின் சரக்கைத் திரும்பப் பெற வேண்டும். அதே ஆணைக்குழு 2016இல் ஹேர்பலைஃப் என்ற இன்னொரு பெரிய நிறுவனத்தை, ஆள் சேர்ப்பதற்கே வெகுமதி கொடுத்தது என்று குற்றஞ்சாட்டி, 20 கோடி டொலர் கொடுக்க வைத்தது. கடல் கடந்த கதைதான். ஆனாலும் அந்த மூன்று விதிகளையும் எமது ஊர் அலுமாரியின் முன்னால் வைத்துப் பார்க்கலாம்.

ஆறு பேர் கணக்கையும் பார்த்துவிடுவோம். ஒருவர் ஆறு பேரைச் சேர்க்கிறார், அவர்கள் ஒவ்வொருவரும் ஆறு பேரைச் சேர்க்கிறார்கள் என்று கூட்டத்தில் பலகையில் வரைந்து காட்டுவார்கள். முதலாம் வரிசையில் 6, இரண்டாவதில் 36, மூன்றாவதில் 216. இங்கேயே ஒரு சிறு கிராமம் முடிந்துவிடுகிறது. ஒன்பதாம் வரிசையில் ஒரு கோடியே எழுபத்தேழாயிரத்துக்கு மேல். பத்தாம் வரிசைக்கு ஆறு கோடி பேர் வேண்டும். இலங்கையின் மொத்தச் சனத்தொகையே ஏறத்தாழ 2 கோடி 17 இலட்சம்தான், கைக்குழந்தைகளையும் சேர்த்து! பலகையில் வரைபவர் நான்காம் வரிசையோடு சோக்கட்டியைக் கீழே வைத்துவிடுவதற்குக் காரணம் இதுதான். இதைவிட முக்கியமான ஒன்றும் அந்தக் கணக்கில் உண்டு. எந்த வரிசையில் நின்று பார்த்தாலும், சேர்ந்தவர்களில் ஆறில் ஐந்து பங்கினர் கடைசி வரிசையிலேயே இருப்பார்கள். அவர்களுக்குக் கீழே யாருமில்லை. அவர்கள் சோம்பேறிகள் என்பதால் தோற்கவில்லை. கணக்கின் அமைப்பே அப்படி.

கொப்பியை எடுப்போம்

விடுவதா என்று தீர்மானிக்க மேலே இருப்பவரிடம் போகக் கூடாது. கொப்பியிடம் போக வேண்டும். ஊருக்கு ஒருவராவது இருக்கக்கூடிய ஒரு தாயை நினைத்துக்கொள்வோம். மாதம் 12,000 ரூபாவுக்குச் சரக்கு எடுத்தால்தான் அவருடைய ‘தகுதி’ விழாமல் நிற்கும். எடுத்ததில் 6,000 ரூபாச் சரக்கை 7,500 ரூபாவுக்கு விற்கிறார். அதில் 2,500 ரூபா கடன். 2,000 ரூபாச் சவர்க்காரமும் பற்பசையும் வீட்டுப் பாவனைக்குப் போகிறது. 4,000 ரூபாச் சரக்கு அலுமாரியில் தங்குகிறது. கம்பனியிடமிருந்து போனஸ் 2,200 ரூபா வருகிறது. கூட்டத்துக்கு இரண்டு தடவை பஸ்ஸும் சாப்பாடும் 1,600, கூட்டக் கட்டணம் 1,000, ரீலோட் 800.

கையில் வந்த காசு 7,200 ரூபா. கையிலிருந்து போன காசு 15,400 ரூபா. அந்த மாதம் 8,200 ரூபா துண்டு விழுகிறது. அதை அடகு வைத்த காப்போ, சீட்டுக் காசோ நிரப்பியிருக்கும். ‘இல்லை, வெளியில் நிற்கும் கடனையும், இருக்கும் சரக்கையும், வீட்டுக்கு எடுத்ததையும் சேர்த்துப் பாருங்கள்’ என்று மேலே இருப்பவர் சொல்லக்கூடும். சேர்ப்போம்: 8,500 ரூபா. அப்படியானால் 300 ரூபா இலாபம்! மழையிலும் வெயிலிலும் வீடு வீடாக நடந்ததற்கு மாதக் கூலி முந்நூறு ரூபா. அதுவும் எழுத்தில்தான், ஏனெனில் அந்தச் சவர்க்காரத்தின் விலையில் பாதிக்கு ஊர்க்கடையில் நல்ல சவர்க்காரம் வாங்கியிருக்கலாம். அடகு வட்டியை நாம் இன்னும் தொடவில்லை.

இது உதாரணத்துக்கு எழுதிய கணக்கு. ஒவ்வொருவரும் தமது கடந்த ஆறு மாதத்தை இப்படி எழுதிப் பார்க்க வேண்டும். பற்றுச்சீட்டு இல்லாதவற்றையும் ஞாபகத்திலிருந்து எழுதலாம். பிறகு வந்த காசை இரண்டாகப் பிரிக்க வேண்டும்: கம்பனியில் சேராத வெளி ஆட்களுக்குப் பொருள் விற்று வந்தது ஒரு பக்கம், எமக்குக் கீழே ஆட்கள் சேர்ந்ததாலும் அவர்கள் வாங்கியதாலும் வந்தது மறுபக்கம். இனி ஒருவரையும் சேர்ப்பதில்லை என்று இன்றே முடிவெடுத்தால் அடுத்த மாதம் முதற் பக்கம் மட்டும் வீட்டைக் காக்குமா? காக்கும் என்றால் அது ஒரு வியாபாரம். பொருளை விரும்பி வாங்கும் வாடிக்கையாளர் உண்டு. தேவையான அளவுக்கு மட்டும் எடுத்து விற்றுக்கொண்டு, தகுதியையும் மேடையையும் மறந்துவிடலாம். அப்படிச் சிறிதாக்கிக்கொண்டு நிம்மதியாக இருப்பதில் பிழையில்லை. மறுபக்கம்தான் வீட்டைக் காக்கிறது என்றால், அது பக்கத்து வீட்டுக் காசு. அதில் இன்னொரு மாதமும் நிற்கக் கூடாது என்பதே எமது தெளிவான கருத்து.

கால் நகர மறுப்பது ஏன்?

கொப்பி இவ்வளவு தெளிவாகச் சொன்ன பின்னும் பலர் விடுவதில்லை. ‘போட்ட காசை எடுத்துக்கொண்டு விட்டுவிடுகிறேன்’ என்பார்கள். போட்ட காசை எடுப்பதற்கு மேலும் காசு போட வேண்டியிருக்கிறது. ‘வெள்ளம் தலைக்கு மேலே போனால் சாண் என்ன, முழம் என்ன’ என்ற பழமொழி இவர்களுக்கென்றே பிறந்ததுபோல் வாயில் வரும். ஆனால் கடனில் சாணுக்கும் முழத்துக்கும் வித்தியாசம் உண்டு. ஒரு காப்பு அடகில் இருப்பதற்கும், காப்போடு காணி உறுதியும் போவதற்கும் இடையிலுள்ள தூரம் அது.

கணவனுக்குத் தெரியாமல் எடுத்த கடன் சிலரைத் தடுக்கிறது. ‘விட்டுப் போகிறவர்கள் தோற்றவர்கள்’ என்று கூட்டங்களில் திரும்பத் திரும்பச் சொல்லி வைத்தது வேறு சிலரைத் தடுக்கிறது. எல்லாவற்றையும் விடக் கனமானது, “என்னை நம்பி வந்த ஆட்களுக்கு என்ன பதில் சொல்வேன்?” என்ற கேள்வி. கீழே இருப்பவர் யார்? மச்சாள், பெரியம்மாவின் மகள், முன்பள்ளி ரீச்சர், ஒரே மரண உதவிச் சங்கத்தில் இருக்கும் அயலவர். நல்லது கெட்டதுக்கு வந்து நிற்கும் உறவை வைத்துத்தான் இந்த வியாபாரம் கட்டப்படுகிறது. ஆகவே விலகும்போது உடையக்கூடியதும் அந்த உறவுதான். அதனால்தான் எப்படி விடுவது என்பதை நாம் நீட்டி எழுத வேண்டியுள்ளது.

விடுவதற்கான வழி

எல்லாவற்றுக்கும் முன்னதாக, ஆள் சேர்ப்பதை அன்றோடு நிறுத்த வேண்டும். மற்றவற்றுக்கு நாள் எடுக்கலாம், இதற்கு எடுக்கக் கூடாது. அடுத்தது மாதக் கொள்வனவு. வங்கிக் கணக்கிலிருந்தோ அட்டையிலிருந்தோ தானாகவே காசு கழிய ஒப்புக்கொடுத்திருந்தால் வங்கிக்குப் போய் எழுத்தில் நிறுத்த வேண்டும்.

பிறகு, சேர்ந்தபோது கையொப்பமிட்ட பத்திரத்தைத் தேடி எடுக்க வேண்டும். அது ஆங்கிலத்தில் இருந்தால் வாசிக்கத் தெரிந்தவர் ஒருவரைக் கொண்டு வாசிக்க வேண்டும். விலகுபவரின் சரக்கைத் திரும்ப எடுப்பது பற்றி அதில் ஏதும் உண்டா, எத்தனை நாளுக்குள் என்று பார்க்க வேண்டும். உலக நேரடி விற்பனைச் சங்கங்களின் சம்மேளனத்து ஒழுக்கக் கோவை, விலகுபவர் கடைசிப் பன்னிரண்டு மாதத்துள் வாங்கி விற்காமல் வைத்திருக்கும், விற்கத்தக்க நிலையிலுள்ள சரக்கை, அதிகபட்சம் பத்து வீதம் கழித்துக்கொண்டு திரும்பப் பெற வேண்டும் என்கிறது. தான் அதில் சேர்ந்த கம்பனி என்று பெருமை பேசும் நிறுவனத்திடம் அதையே எடுத்துச் சொல்லலாம். முத்திரை உடைக்காத பெட்டிகளை உடைக்காமல் வைத்திருப்பது நல்லது.

கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை. ‘இன்ன இலக்கமுடைய எனது அங்கத்துவத்தை இன்ன திகதியுடன் முடித்துக்கொள்கிறேன். என்னிடமுள்ள, இத்துடன் பட்டியலிட்டுள்ள சரக்கைத் திரும்பப் பெற்று அதற்குரிய பணத்தைத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்றால் போதும். காரணம் எழுதத் தேவையில்லை. எழுதினால் அந்தக் காரணத்தோடு வாதாட ஆள் வரும். கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, தபாற்கந்தோர் துண்டையும் பிரதியையும் பத்திரப்படுத்த வேண்டும். கைத்தொலைபேசியில் வந்த செய்திகளையும் குரற்பதிவுகளையும் அழித்துவிட வேண்டாம். நாளை முறைப்பாடு செய்ய நேர்ந்தால் அவைதான் சாட்சி.

மேலே இருப்பவர் வீட்டுக்கு வருவார். தனியாக வரமாட்டார், காரில் இன்னொருவரையும் கூட்டி வருவார். அவரோடு கணக்கு வாதம் செய்ய வேண்டாம், அவர் அதில் பழகியவர். “முடிவெடுத்திட்டன், கடிதமும் போட்டிட்டன், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ” என்பதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. உண்மையில் அவரும் ஒரு வரிசையில் மாட்டியிருப்பவராகவே பெரும்பாலும் இருப்பார்.

கீழே இருப்பவர்களிடம் நாமே போக வேண்டும், செய்தி வேறு வழியாக எட்டுவதற்கு முன். தொலைபேசியில் அல்ல, வீட்டுக்குப் போய். “மச்சாள், நான் இதை விடப்போறன். கணக்குப் போட்டுப் பாத்தன், எனக்கு இலாபம் வரேல்ல. உங்களுக்கும் வந்திராது எண்டுதான் நினைக்கிறன். உங்கட கொப்பியைக் கொண்டு வாங்கோ, இருந்து பாப்பம்.” இப்படிச் சொன்னால் மச்சாள் கோபப்படலாம், இரண்டு பெருநாளுக்குப் பேசாமலும் இருக்கலாம். மறைத்துவிட்டு, பிறகு அவர் தானாகக் கண்டுபிடித்தால் வரும் கோபம் அதைவிட நீளம். அவர் போட்ட காசு முழுவதையும் திருப்பிக் கொடுக்க எம்மால் முடியாது. அவர் சேர்ந்ததற்காக எமக்குக் கிடைத்த போனஸ் எவ்வளவு என்பது கொப்பியில் இருக்கும். அதைச் சிறு தவணையாகவேனும் கொடுக்க முன்வந்தால், பேச்சு வேறு விதமாகப் போகும்.

பொருளுக்கு நின்ற கடன்களையும் ஒரு தாளில் எழுதி, ஒரு மாதத் தவணை சொல்லி வசூலிக்க வேண்டும். உறவுக்குள் கொடுக்கல் வாங்கல் தகராறு முற்றினால், 1988ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபைகள் பிரதேசந்தோறும் உண்டு. அங்கே சட்டத்தரணி தேவையில்லை. ஏராளமானோரைச் சேர்த்தவர்கள், பெருந்தொகைப் பணம் கைமாறியிருந்தால், முதலில் சட்ட உதவி ஆணைக்குழுவின் மாவட்ட அலுவலகத்தில் ஆலோசனை பெற்றுக்கொண்டு பேசுவது பாதுகாப்பு. திட்டம் தடைசெய்யப்பட்டதோ என்று சந்தேகம் இருந்தால் மத்திய வங்கியின் 1935 என்ற இலக்கத்துக்குத் தெரிவிக்கலாம், பொலிசிலும் முறையிடலாம். பொருளே தரக்குறைவு, விலை மோசடி என்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977. காத்திருந்தால் காசு வரும் என்ற நம்பிக்கையில் முறையிடாமல் இருப்பவர்கள் 2023 ஆகஸ்டை நினைவுகொள்ள வேண்டும். கைத்தொலைபேசிச் செயலி வழியாக நடந்த ஒரு திட்டம் இலங்கையிலும் பங்களாதேஷிலும் சரிந்தபோது, காத்திருந்தவர்களின் கணக்கில் இலக்கங்கள் மட்டுமே மிஞ்சின.

மாதர் சங்கங்களும் சிக்கனக் கடன் கூட்டுறவுச் சங்கங்களும் இதில் செய்யக்கூடிய ஒரு வேலை உண்டு. மாதக் கூட்டத்தில் பெயர் கேட்காமல் அந்தக் கொப்பிக் கணக்கை ஒரு தடவை பலகையில் போட்டுக் காட்டினால் போதும். கூட்டம் முடிந்த பின் இருவராவது ஒதுங்கி நின்று பேச வருவார்கள். அவர்களின் அடகு நகையை மீட்க வட்டி குறைந்த ஒரு கடனைச் சங்கம் கொடுக்க முடிந்தால், அதுவே விலகுவதற்கான பலமாகிவிடும்.

மிஞ்சிய சரக்கைக் கம்பனி எடுக்காவிட்டால், காலாவதித் திகதி பார்த்து, வாங்கிய விலைக்கோ அதற்குக் குறைவாகவோ விற்றுவிடலாம். சவர்க்காரத்துக்கும் சட்டிக்கும் இது சரி. ஆனால் மாவும் மாத்திரையும் பானமும் விற்றவர்களுக்கு இன்னொரு கடமை இருக்கிறது. சீனி வருத்தம் போகும், பிரஷர் இறங்கும் என்று கூட்டத்தில் சொல்லித் தந்ததை நம்பி ஊரில் சொல்லியிருப்பார்கள். கேட்டவர்களில் ஆஸ்பத்திரி மாத்திரையைக் குறைத்தவரும் நிறுத்தியவரும் இருக்கக்கூடும். சரக்கைத் திருப்பி அனுப்புவதற்கும் கடிதம் போடுவதற்கும் முன்னே அந்த வீடுகளுக்குப் போக வேண்டும். “நான் தந்தது மருந்தில்லை, கிளினிக் மாத்திரையை விடாதேங்கோ” என்று அவரிடமும், வீட்டில் இருக்கும் மகளிடமும் சொல்ல வேண்டும். கிளினிக் கொப்பியைக் கேட்டு வாங்கி, அடுத்த திகதியைப் பார்க்க வேண்டும். கிளினிக் வியாழக்கிழமை என்றால் புதன்கிழமைக்குள் போய்ச் சொல்லிவிட வேண்டும்.